பால் கொடுக்கும் அம்மாவுக்கு இருமல்: மெடிக்கலில் வாங்கிய சிரப்பைக் குடிக்கலாமா?

மஞ்சள்பூமி (ஈரோடு), திங்கள் இரவு 11.20

தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு ஏழு வாரம் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான். சில நாட்களாக எனக்கு வறட்டு இருமல். பகலில் சமாளித்துவிடுகிறேன். படுத்தால் போதும், தொண்டையில் அரிப்பு ஆரம்பித்துவிடும். சிசேரியன் என்பதால் ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை.

வீட்டுக்காரர் மெடிக்கலில் போய் "இருமலுக்கு ஒரு சிரப்" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு என்று சொல்லவில்லை. பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்று மூன்று பெயர்கள். அத்தை அதைத் தொடவே கூடாது என்கிறார். இவரோ "மூன்று நாள் பவுடர் பால் கொடுத்துக்கொள், நீ மருந்தைக் குடி" என்கிறார். டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன செய்வது?


ரெட்டைவால் அம்மா (திருச்சி), திங்கள் இரவு 11.48

முதலில் அந்தப் பவுடர் பால் யோசனையை ஓரம் கட்டுங்கள். ஏழு வாரத்தில் பாலைத் திடீரென்று நிறுத்தினால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் இருமலோடு காய்ச்சலும் சேர்ந்துவிடும். இரட்டையர்களை வளர்த்தவள் சொல்கிறேன். சிரப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். வைகைக்கரை அண்ணா இந்நேரம் விழித்திருப்பாரா?


ஆச்சி சமையல் (காரைக்குடி), செவ்வாய் காலை 5.35

பச்சை உடம்புக்காரிக்கு எதற்கம்மா அந்தப் பாட்டில்? மிளகு ரசத்தைச் சூடாகக் குடி. பனங்கற்கண்டு, மிளகு, மஞ்சள் போட்டுப் பால் காய்ச்சி ராத்திரி குடி. கற்பூரவல்லி இலையைக் கழுவி மென்றாலே தொண்டை அரிப்பு அடங்கும். உன் அத்தை சொல்வதில் தப்பில்லை. தாய் தின்பதுதானே பிள்ளைக்கு.


வைகைக்கரை (மதுரை, மருந்தாளுநர்), செவ்வாய் காலை 7.10

ஆச்சி சொன்ன ரசமும் பாலும் சாப்பாட்டு அளவில் நல்லதுதான், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் "தாய் தின்பதுதானே பிள்ளைக்கு" என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தாய் சாப்பிடும் மருந்து குடலில் இருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பகுதிதான் பாலுக்குள் கசியும். எவ்வளவு கசியும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். எடைக்கு எடை கணக்குப் பார்த்து, தாய்க்குக் கிடைப்பதில் 10 சதவீதத்துக்குக் கீழே குழந்தைக்குப் போகிறது என்றால் பெரும்பாலான மருந்துகளை ஏற்றுக்கொள்வார்கள். அதனால் "மருந்தா, பாலா" என்ற கேள்வியே பெரும்பாலும் வராது. எந்த மருந்து என்பதுதான் கேள்வி.

இப்போது உங்கள் பாட்டில். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்: வறட்டு இருமலை அடக்குவது. பாலில் மிகக் குறைவாகத்தான் போகிறது. உங்களுக்குத் தேவைப்படக்கூடியது இது ஒன்றுதான்.

குளோர்பெனிரமின்: பழைய தலைமுறை அலர்ஜி மருந்து, தூக்கம் வரவைக்கும். எப்போதாவது ஒரு வேளை, சிறிய அளவு என்றால் பெரிய பாதிப்பு எதிர்பார்ப்பதில்லை. தொடர்ந்து அதிக அளவில் எடுத்தால் குழந்தை மந்தமாகலாம், பால் சுரப்பும் குறையலாம். இன்னொரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை: தூங்கி வழிவது நீங்களும்தான். அந்த மயக்கத்தில் பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பது ஆபத்து.

ஃபினைலெஃப்ரின்: மூக்கடைப்புக்கானது. உங்களுக்கு மூக்கே அடைக்கவில்லையே, எதற்கு? போதாததற்கு, வாய்வழியாகச் சாப்பிட்டால் இது வேலையே செய்வதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஆக மூன்றில் ஒன்றுக்காக மற்ற இரண்டையும் சேர்த்து விழுங்கப் போகிறீர்கள். நம் ஊர்ச் சிரப்புகளில் முக்கால்வாசி இப்படித்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ளது, ஆல்கஹால் இல்லாதது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வியாழன் வரை தேனோடு சமாளிக்கலாம், குடிமுழுகிப் போகாது.


நேர்கோடு (கோவை), செவ்வாய் காலை 9.02

ஒருவரும் அடிப்படைக் கேள்வியைக் கேட்கவில்லையே. இந்தச் சிரப்புகள் இருமலைக் குறைக்கின்றனவா? கடைகளில் கிடைக்கும் இருமல் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பு, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது என்றுதான் முடிக்கிறது. வைரஸால் வரும் இருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போகும். பலனே சந்தேகமான பொருளுக்கு எவ்வளவு சிறிய ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? என் மனைவி இரண்டு பிரசவத்திலும் ஒரு சொட்டு குடிக்கவில்லை.


ரெட்டைவால் அம்மா, செவ்வாய் காலை 9.30

சார், தையல் போட்ட வயிற்றோடு ராத்திரி முழுக்க இருமிப் பார்த்துவிட்டு இதை எழுதுங்கள். ஆய்வு சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஒரு வேளை மருந்தில் மூன்று மணி நேரம் தூக்கம் கிடைக்கும் என்றால் அந்த அம்மாவுக்கு அது பெரிய விஷயம்.


வைகைக்கரை, செவ்வாய் மதியம் 1.15

நேர்கோடு சொல்வதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் தேனை முதலில் வைக்கிறேன். படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேனை அப்படியே நக்கியோ வெந்நீரில் கலந்தோ எடுக்கலாம். அம்மா தேன் சாப்பிடுவதால் பால் வழியாகக் குழந்தைக்கு ஆபத்து இல்லை. ஆனால் குழந்தையின் நாக்கில் தேன் வைக்கவே கூடாது. ஒரு வயது வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். அதே வித்து அம்மாவின் குடலில் முளைக்காது, பாலிலும் வராது. சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனை எடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளியுங்கள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். ஆவி பிடிப்பதில் எனக்குத் தயக்கம். பெரிதாகப் பலன் தெரிவதில்லை, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம் வேறு.


ஆச்சி சமையல், செவ்வாய் மதியம் 2.40

நாங்கள் எல்லாருமே தேன் தொட்டு வைத்து வளர்ந்தவர்கள்தான் தம்பி. சரி, நீங்கள் படித்தவர் சொல்கிறீர்கள். பேத்தி வீட்டிலும் குழந்தை டாக்டர் இதையேதான் சொன்னாராம். அதிமதுரமும் ஆடாதோடையுமாவது அம்மாக்காரி சாப்பிடலாமா, அதற்கும் தடையா?


வைகைக்கரை, செவ்வாய் மாலை 6.50

ஆச்சி, ஆடாதோடை பற்றி ஒரு சுவாரசியமான சங்கதி. அதில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறினால் வருவது அம்ப்ராக்ஸால். இன்று சளி கரைக்க என்று விற்கும் பாதிச் சிரப்புகளில் இருப்பது அதுதான். ஆக ஆடாதோடை மணப்பாகும் மருந்துதான், "மூலிகை, ஒன்றும் செய்யாது" என்று பாட்டில் கணக்கில் குடிக்கக்கூடாது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு. பிரசவமாகி ஏழு வாரம்தான் ஆகிறது என்பதால், சித்த மருத்துவரைக் கேட்டு அவர் சொல்லும் அளவில் எடுப்பது நல்லது.

அதிமதுரத்தில் ஒரு துண்டை எப்போதாவது வாயில் அடக்கிக்கொள்வது வேறு, தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.


தேம்ஸ் தமிழ் (லண்டன், செவிலியர்), செவ்வாய் இரவு 9.25

நான் இங்கே மகப்பேறு வார்டில் வேலை பார்க்கிறேன். பெட்டியில் "பால் கொடுப்பவர்கள் பயன்படுத்தக்கூடாது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் பயந்துபோகிறார்கள். பல நேரம் அதற்கு அர்த்தம், பால் கொடுக்கும் பெண்களை வைத்து நிறுவனம் சோதனை செய்யவில்லை என்பது மட்டுமே. உண்மையிலேயே ஆபத்தான மருந்துக்கும் அதே வாசகம்தான். அதனால் பெட்டியை வைத்து முடிவெடுக்க முடியாது. அமெரிக்க அரசின் லாக்ட்மெட், ஸ்பெயின் குழந்தை மருத்துவர்கள் நடத்தும் இ-லாக்டன்சியா என்று இரண்டு தளங்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். மூலப்பொருளின் பெயரைப் போட்டால் பாலில் எவ்வளவு போகிறது, குழந்தைக்கு என்ன ஆகலாம் என்று வந்துவிடும்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின். மேற்கு ஆஸ்திரேலியாவில் எட்டுப் பெண்களுக்கு 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்துவிட்டது. 2003-இல் வெளியான ஆய்வு. சிறியதுதான், ஆனால் பால் சுரப்பு நிலைப்பட்டுக்கொண்டிருக்கும் முதல் மாதங்களில் இந்தச் சோதனை நமக்கு எதற்கு? மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். அதுவும் கேட்கவில்லை என்றால் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து. மூக்கோடு நின்றுவிடும், பாலுக்கு மிகக் குறைவாகத்தான் போகும். மூன்று நான்கு நாட்களுக்கு மேல் போடாதீர்கள், விட்டவுடன் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.


நேர்கோடு, செவ்வாய் இரவு 10.05

சில இருமல் சிரப்புகளில் இருக்கும் கோடீன்? அதை யாரும் சொல்லவில்லை.


தேம்ஸ் தமிழ், செவ்வாய் இரவு 10.40

நியாயமான கேள்வி. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறும். எவ்வளவு வேகமாக மாறும் என்பது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு மிக வேகம், அவர்களின் பாலில் மார்ஃபின் அளவு ஏறிவிடும். தனக்கு எந்த வகை உடம்பு என்று யாருக்கும் தெரியாது. 2006-இல் லான்செட் மருத்துவ இதழில், பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காகக் கோடீன் கலந்த மாத்திரை சாப்பிட்ட கனடா நாட்டுத் தாய் ஒருவரின் 13 நாள் குழந்தை இறந்ததைப் பற்றிக் கட்டுரை வந்தது. அந்தக் குழந்தை இறந்த காரணத்தைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலமாகக் கேள்வி கேட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பால் கொடுப்பவர்களுக்குக் கோடீனும் டிரமடால் என்ற வலி மருந்தும் வேண்டாம் என்று எச்சரித்தது. வெறும் இருமலுக்காக அந்தப் பக்கம் போக அவசியமே இல்லை.


வைகைக்கரை, புதன் காலை 6.30

நம் ஊரில் கோடீன் சிரப் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருக்கிறது. பிரச்சினை, வீட்டில் யாருக்கோ முன்பு எழுதிக் கொடுத்த பாட்டில் அலமாரியில் மிச்சம் இருக்கும், "அன்றைக்கு நன்றாகக் கேட்டது" என்று அதை எடுத்துக் கொடுப்பார்கள். பெயரைப் படிக்காமல் வாயில் வைக்காதீர்கள். அதேபோல் பொட்டாசியம் அயோடைடு இருக்கும் சளி மருந்துகளும் வேண்டாம். அயோடின் பாலில் நிறையச் சேர்ந்து குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும்.

இன்னொரு பொறி. ஒரே பிராண்டின் பெயருக்குப் பின்னால் டி, எல்எஸ், பிளஸ் என்று ஒட்டுப் போட்டு விற்பார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் வேறு வேறு மருந்து. "போன தடவை வாங்கியதுதான்" என்று பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் முற்றிலும் வேறான பாட்டில் வரலாம். கடையில் கேட்கும்போது இருமல் வறட்சியா சளியா, குழந்தைக்கு எத்தனை வாரம், குறைமாதமா, நீங்கள் வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரரை அனுப்பினால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.


கடலோரம் (தூத்துக்குடி), புதன் காலை 8.15

பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்பதால் கேட்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து செர்ட்ராலின் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பாலும் கொடுக்கிறேன், மனநல மருத்துவர் அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் சளி பிடித்திருக்கிறது. மேலே சொன்ன டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் எனக்கும் பொருந்துமா?


வைகைக்கரை, புதன் காலை 8.40

கேட்டது மிக நல்லது. நீங்களாக எடுக்காதீர்கள். பாலுக்காக இல்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற மாத்திரைகளும் மூளையில் செரோடோனின் என்ற பொருளைக் கூட்டக்கூடியவை. சேர்ந்தால் சிலருக்குக் கை நடுக்கம், பதற்றம், வியர்வை, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு வரலாம், கடுமையானால் மருத்துவமனைதான். ஃபுளுவாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உடம்பிலிருந்து கழிவதையும் தாமதப்படுத்தும். சிரப்புக்காகச் செர்ட்ராலினை நிறுத்தவும் கூடாது. தேன், கொப்பளிப்பு போன்றவற்றைப் பாருங்கள், மாத்திரை எழுதிய மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். உடம்பு வலி இருந்தால் பாரசிட்டமால் எடுக்கலாம். மெடிக்கலில் மாத்திரையின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டையை நீட்டினால் போதும்.


ரெட்டைவால் அம்மா, புதன் காலை 9.10

கடலோரம், நானும் அந்த மாத்திரை சாப்பிட்டவள்தான். தனிச்செய்தியில் வாங்க, பேசலாம்.


மஞ்சள்பூமி, புதன் மதியம் 12.30

எல்லாருக்கும் நன்றி. சிரப்பைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், போகட்டும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ளது வேறு கடையில் கிடைத்தது. எப்போது குடிப்பது? குடித்த பிறகு பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டுமா? அப்புறம், என் இருமல் பாப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதற்காகவாவது தள்ளிப் படுக்க வேண்டுமா?


வைகைக்கரை, புதன் மதியம் 1.45

கொட்ட வேண்டாம். ராத்திரி பால் கொடுத்து முடித்தவுடன், பாப்பா நீளமாகத் தூங்கும் நேரத்துக்கு முன்பாகக் குடியுங்கள். பாட்டிலோடு வரும் மூடியில் கோடு பார்த்து அளங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அதில் கால்பங்குகூடத் தேவைப்படாது, இரவு ஒரு வேளை போதும். பாப்பாவுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை, இந்த வயதில் மருந்தைக் கழிக்கும் சக்தி குறைவு. அதனால் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறாளா, எழுப்பினாலும் பால் குடிக்கவில்லையா, உடம்பு துவண்டு கிடக்கிறாளா, மூச்சில் ஏதாவது மாற்றமா என்று பாருங்கள். அப்படி ஒன்று தெரிந்தால் வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை, தேவைப்பட்டால் 108. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104-ஐக் கூப்பிடலாம்.

தொற்றைப் பொறுத்தவரை, இருமல் உங்களுக்குத் தெரியத் தொடங்கும் முன்பே கிருமி பாப்பாவை எட்டியிருக்கும். அதை எதிர்க்கும் பொருளை உங்கள் உடம்பு உருவாக்கிப் பாலில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பால் கொடுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முத்தம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வியாழக்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஒன்று: இருமல் தொடர்ச்சியாக வந்து, முடிவில் மூச்சை இழுக்கும்போது ஓசை வருகிறதா, வாந்தி வருகிறதா? கக்குவான் இருமல் பெரியவர்களுக்கும் வரும், கைக்குழந்தைக்கு அது உயிர் ஆபத்து. ஆறு வாரத் தடுப்பூசி போட்டாயிற்றா? இன்னொன்று, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.


மஞ்சள்பூமி, புதன் மதியம் 2.05

ஆறு வார ஊசி போன வாரம்தான் போட்டோம். அத்தை பாப்பாவின் நெஞ்சில் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவலாமா என்று கேட்கிறார். சளி ஒட்டாமல் இருக்குமாம்.


தேம்ஸ் தமிழ், புதன் மாலை 4.30

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். மார்பிலும் கழுத்திலும் தைலம் தடவிக்கொண்டு நீங்கள் பால் கொடுப்பதும் கூடாது, குழந்தையின் மூக்கு அங்கேதான் இருக்கும். அத்தையிடம் தேங்காய் எண்ணெயை மட்டும் தடவச் சொல்லுங்கள். அவருக்கும் ஏதாவது செய்த திருப்தி இருக்கும்.


ஆச்சி சமையல், புதன் மாலை 5.15

இதை மட்டும் நானே சொல்லியிருப்பேன். எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளைக்குக் கற்பூர எண்ணெயால் வெட்டு (வலிப்பு) வந்தது.


நேர்கோடு, வியாழன் இரவு 8.20

இதைப் படித்துவிட்டு என் மைத்துனி கேட்கிறாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள், மூத்தவனுக்கு மூன்றரை வயது. அவள் குடித்த அம்ப்ராக்ஸால் சிரப் பாதி மிச்சம் இருக்கிறதாம். அவள் பால் கொடுக்கும்போதே ஆபத்தில்லை என்றால், பெரியவனுக்குக் கால் ஸ்பூன் கொடுத்தால் என்ன என்கிறாள்.


வைகைக்கரை, வியாழன் இரவு 8.55

கொடுக்கவே கூடாது. பால் வழியாகப் போவது துளியிலும் துளி. ஸ்பூனில் ஊற்றிக் கொடுப்பது முழு மருந்து, அதுவும் பெரியவர்களுக்கான செறிவில். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்ததுதான் காரணம். அந்தச் சமயத்தில் மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் அறிவுறுத்தியது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மூத்தவனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் அவனுக்குத் தேன் கொடுக்கலாம், படுக்கும் முன் அரை ஸ்பூன். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு உள்ளே இழுத்தாலோ டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மிச்சச் சிரப்பை அலமாரியில் வைக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள், திறந்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே நினைவிருக்காது.


நேர்கோடு, வியாழன் இரவு 9.10

சொல்லிவிட்டேன். எந்த வருடத்துப் பாட்டில் என்று பார்க்கச் சொன்னேன், காலாவதியாகி நான்கு மாதம் ஆகிறதாம்.